கதைக்குக் குறிச்சொல் இடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காதல்", "திகில்", "சமூகம்" என்று இணையக் கதைத் தளமே வகை பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு மேல் குறிச்சொல் எதற்கு?

வகை என்பது தளம் நடத்துபவர் முன்கூட்டியே போட்டுவைத்த பட்டியல். அதில் ஒன்றையோ இரண்டையோ நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவ்வளவுதான். குறிச்சொல் (டேக்) என்பது கதையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சொல்; அதை நீங்களே எழுதுகிறீர்கள். ஒரே கதைக்குப் பல சொற்கள் பொருந்தும். 1980களின் கோவையில் ஒரு பஞ்சாலை வேலைநிறுத்தம், அதில் நொடிந்துபோன ஒரு குடும்பம், அந்த வீட்டுப் பெண்ணின் காதல் என்று ஒரு கதை எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வகைப் பட்டியலில் அது "காதல்" என்பதற்குள் போய் விழும். ஆலைத் தொழிலாளர் கதை தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. "பஞ்சாலை", "கோவை", "வேலைநிறுத்தம்", "1980கள்" என்று நாலு சொல் கூட இருந்தால் அவரும் வந்து சேருவார்.

இந்தச் சிக்கல் இணையத்துக்கு முந்தியது. நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒரு அலமாரியில்தான் வைக்க முடியும். ஆனால் அது பேசும் விஷயம் நாலைந்து இருக்கும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதற்குத்தான் வழி தேடியது. ஒரு நூலை ஒரே தலைப்புக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துக் குறித்தார். அந்த முகங்களில் இடமும் காலமும் தனித்தனியே உண்டு. நல்ல குறிச்சொல் வரிசையைப் பார்த்தால் இன்றைக்கும் அதேதான் நடக்கிறது.

இணையத்தில் இது பரவியது 2003இல் வந்த டெலிஷியஸ் என்ற, இணைய முகவரிகளைச் சேமித்துவைக்கும் புக்மார்க் தளத்திலிருந்து. யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லையும் ஒட்டலாம் என்று அது விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே தகவல் வடிவமைப்பாளர் தாமஸ் வாண்டர் வால் இந்தப் பழக்கத்துக்கு ஃபோக்சானமி (மக்களே செய்யும் வகைப்படுத்தல்) என்று பெயர் வைத்தார். கதைத் தளங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் சொல் போட்டால் குழப்பம்தானே மிஞ்சும்?

மிஞ்சும். "குடும்பக் கதை", "குடும்ப கதை", "குடும்பக்கதை", "குடும்பக் கதைகள்", "ஃபேமிலி ஸ்டோரி" என்று ஐந்து பேர் ஐந்து விதமாகப் போட்டால், கணினிக்கு அவை ஐந்து வெவ்வேறு விஷயங்கள். ஒன்றைத் தொட்டுத் தேடுகிறவருக்கு மற்ற நான்கும் தெரியாது.

இதற்கு மூன்று விதமான பதில்கள் உண்டு. முதலாவது, எழுத்தாளரைக் கட்டுப்படுத்துவது: நாங்கள் தரும் பட்டியலிலிருந்து மட்டுமே எடு. தேடல் சுத்தமாக இருக்கும். ஆனால் பட்டியல் போட்டவருக்குத் தோன்றாத எதுவும் கதையில் இல்லாததுபோல் ஆகிவிடும். இரண்டாவது, அப்படியே விட்டுவிடுவது. பெரும்பாலான தளங்கள் இதைத்தான் செய்கின்றன. மூன்றாவதை ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம் செய்துகாட்டியிருக்கிறது. வாசகர்கள் சுருக்கமாக ஏஓ3 என்பார்கள்.

ஏற்கெனவே வெளியான கதைகளையும் படங்களையும் வைத்து ரசிகர்கள் எழுதும் புனைவுகளுக்கான தளம் அது. 2007இல் தொடங்கிய ஓர் இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது. இன்றைக்கு ஒரு கோடிக்கும் அதிகமான படைப்புகள் அதில் இருக்கின்றன. 2019இல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருதும் வாங்கியது. இத்தனை கதைகளுக்கு நடுவே ஒருவர் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் குறிச்சொற்களைக் கட்டி மேய்க்கும் தன்னார்வலர்கள்.

அவர்கள் வேலை இப்படி: எழுத்தாளர் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சொல்லை யாரும் திருத்த மாட்டார்கள். கதையின் தலைப்பருகே அவர் எழுதியபடியே நிற்கும். ஆனால் பின்புறத்தில் ஒரு தன்னார்வலர், ஒரே பொருள் தரும் சொற்களில் ஒன்றைப் பொதுப் பெயராக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு இணைத்துவிடுவார். நீங்கள் எந்த வடிவத்தைத் தொட்டாலும் பொதுப் பெயரின் கீழ் உள்ள மொத்தக் கதைகளும் வந்து நிற்கும். பொதுப் பெயர்களுக்குள்ளும் தாய்–சேய் உறவு உண்டு. "மாற்று உலகம்" (மூலக்கதையின் மாந்தரை வேறொரு சூழலில் வைத்து எழுதுவது) என்பது தாய் என்றால், "மாற்று உலகம் - காபிக் கடை" அதன் சேய். தாயைத் தேடினால் சேயும் சேர்ந்து வரும். சேயை மட்டும் கேட்டால் அது மட்டும் வரும்.

எழுதுகிறவரின் சுதந்திரத்தில் கைவைக்காமல் தேடுகிறவருக்கு ஒழுங்கு தருவது என்பது எளிய யோசனைதான். ஆனால் ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். தமிழுக்கு மிகவும் பொருத்தமான முறை இது என்பது என் கருத்து. ஒரே சொல்லை நாம் எழுதும் விதங்கள் அத்தனை.

ஏஓ3 பக்கங்களில் சாய்கோடும் & குறியும் வருகிறதே, அது என்ன?

அங்கே குறிச்சொற்கள் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன: வயதுத் தரம், எச்சரிக்கை, எந்த மூலக்கதை, எவர் எவருக்கிடையே உறவு, கதைமாந்தர், பிறகு எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய கூடுதல் குறிச்சொல். உறவுக் கட்டத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு (/) இருந்தால் காதல் அல்லது உடலுறவு. & இருந்தால் நட்பு, உடன்பிறப்பு, குரு-சீடன் போன்ற மற்ற உறவுகள். சாய்கோட்டுப் பழக்கம் 1970களில் ஸ்டார் டிரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கையச்சு இதழ்களில் அதன் கதைமாந்தர் இருவரைக் கிர்க்/ஸ்பாக் என்று எழுதியதிலிருந்து வந்தது.

இந்த ஒரு குறியை மாற்றிப் போட்டால் வாசகர் கோபப்படுவார். அண்ணன்-தங்கைப் பாசக் கதைக்குச் சாய்கோடு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்க இலக்கியத்திலேயே குறிச்சொல் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் உற்சாகம் கூடிப்போய்ச் சொல்வது. ஆனாலும் முற்றிலும் பொய்யில்லை. புறநானூற்றில் பாட்டுக்கு அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு வருகிறது. அகப்பாடல்களுக்கு "தலைவி கூற்று", "தோழி கூற்று" என்று யார் யாரிடம் பேசியது என்ற குறிப்பு. இவற்றைப் பாடிய புலவர்களே எழுதிவைக்கவில்லை, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தவை என்பதே பொதுவான கருத்து. சில பாட்டுகளுக்கு அந்தக் குறிப்பே கிடைக்காமல் போய்விட்டது.

அகநானூறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் பாட்டின் எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். 346ஆம் பாட்டு என்றதும், பாட்டைப் பார்க்காமலே மருதம் என்று சொல்லலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து 400 பாட்டையும் இப்படி அடுக்கியிருக்கிறார்; ஏஓ3 தன்னார்வலர்களுக்கு அவரை நன்றாகப் புரிந்திருக்கும்.

சரி, என் கதைக்கு என்னென்ன போட வேண்டும்?

உங்கள் கதையைப் படித்த தோழி ஒருத்தி, இன்னொருத்தியிடம் அதைப் பற்றி எப்படிச் சொல்வாள் என்று கேட்டுப் பாருங்கள். "முடிஞ்ச கதைதான், தைரியமா ஆரம்பிக்கலாம். கட்டாயக் கல்யாணம். கூட்டுக் குடும்பம். ஹீரோயின் டாக்டர். நெல்லைத் தமிழ்ல பேசுவாங்க. நடுவுல ஒரு குழந்தை இறந்துபோகும், அதைப் பார்த்துக்கோ." இதில் ஆறு குறிச்சொல் இருக்கிறது. ஆறும் பயனுள்ளவை.

முதலில் நிலை: "முடிவுற்றது", "தொடரும்", "ரீரன்" (மறுபடி வெளியிடுவது). தொடர்கதை வாசகர்கள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். யூடி (அடுத்த பகுதி) வராமல் பாதியில் நின்ற கதைகளால் சூடுபட்டவர்கள், முடிந்த கதை மட்டுமே தொடுவேன் என்று சபதம் எடுத்திருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டால் கதை இல்லாததற்குச் சமம். அதோடு வடிவம்: ஒரு பக்கக் கதை, சிறுகதை, குறுநாவல், தொடர்கதை.

அடுத்து களமும் காலமும். இங்கேதான் நம் எழுத்தாளர்கள் கைவிடுகிறார்கள். "காதல்" என்று ஆயிரம் பேர் போடுகிறார்கள். இலங்கையின் தேயிலை மலைப்பகுதியைச் சொல்லும் "மலையகம்" என்று போட்டவர் எத்தனை பேர்? தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) நடக்கும் ஒரு காதல் கதைக்கு "மலையகம்", "தேயிலைத் தோட்டம்" என்ற இரண்டும் "காதல்" என்பதைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும். சிவகாசிப் பட்டாசு ஆலை, ராமேஸ்வரம் மீனவர் குடியிருப்பு, திருப்பூர் பனியன் கம்பெனி, சிங்கப்பூர் வீட்டுப் பணிப்பெண், யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு என்று கதைக்கு ஒரு மண் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பேச்சுவழக்கையும் சொல்லுங்கள், கொங்குத் தமிழுக்கென்றே கதை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு கதையின் முடிச்சு: கட்டாயக் கல்யாணம், பிரிந்தவர் கூடல், இரட்டையர், பழிவாங்கல், மறுமணம், ஒற்றைப் பெற்றோர். வாசகர்கள் உண்மையில் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். கடைசியாக எச்சரிக்கை. அதைத் தனியே பேச வேண்டும், கீழே வருகிறது.

போடக்கூடாதவை சில. "அருமையான கதை", "மனதைத் தொடும்", "வித்தியாசமான", "விறுவிறுப்பு": இவற்றை யாரும் தேடுவதில்லை. கதை மனதைத் தொட்டதா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். உங்கள் பெயரைக் குறிச்சொல்லாகப் போடுவதும் வீண். ஆசிரியர் பெயரைத் தொட்டாலே எல்லாக் கதையும் வருமே.

எத்தனை போடலாம்?

ஏஓ3 ஒரு கதைக்கு 75 என்று 2021இல் வரம்பு வைத்தது. மூலக்கதை, உறவு, கதைமாந்தர், கூடுதல் குறிச்சொல் எல்லாம் சேர்த்து 75. அதற்குமுன் வரம்பே இல்லை. ஒரு கதைக்கு ஆயிரத்துக்கும் மேல் குறிச்சொல் சேர்ந்து, கைப்பேசியில் அந்த ஒரு கதையைக் கடந்து அடுத்த கதைக்குப் போகவே விரல் வலிக்கிறது என்று வாசகர்கள் புலம்பித்தான் அந்த விதி வந்தது.

75 என்பது மேல்வரம்பு. பத்து இருந்தால் தாராளம். கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பாவரை பெயர் போடுவதுபோல, கதையில் ஒரு வரி வந்துபோகும் எல்லாவற்றையும் அடுக்கினால் மாப்பிள்ளை யார் பெண் யார் என்றே தெரியாது. ஒரு அத்தியாயத்தில் நாயகன் பிரியாணி சாப்பிட்டான் என்பதற்காகச் "சமையல்" வேண்டாம். அந்தச் சொல்லைத் தேடி வந்தவர் கதையைப் படித்து முடித்ததும், தேடியது கிடைத்தது என்று சொல்வாரா? சொல்வார் என்றால் போடுங்கள்.

தமிழில் போடுவதா, ஆங்கில எழுத்தில் போடுவதா?

கதை தமிழில் இருந்தால் குறிச்சொல்லும் தமிழில். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் "காதல்" என்ற ஒரு சொல்லுக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் வந்துவிடும். எந்த வாசகர் எதைத் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் தமிழ் வாசகர்களே தமிழில் சொல்லாத சொற்களை வலிந்து தமிழாக்கவும் வேண்டாம். "ஆன்டி ஹீரோ" கதை தேடுகிறவர் "எதிர்நாயகன்" என்று தட்ட மாட்டார். "ஃபேன்டஸி", "த்ரில்லர்" இரண்டும் தமிழ் எழுத்தில் இருந்தால் போதும். துப்பறியும் கதை, சரித்திரக் கதை, பேய்க் கதை போன்றவற்றுக்கு நல்ல பழைய சொற்களே புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஆங்கிலம் தேவையில்லை.

ஏஓ3இல் கதையின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும். குறிச்சொல்லும் எந்த மொழியிலும் இடலாம். ஆனால் அங்கே பொதுப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். வேறு மொழிக் குறிச்சொல்லின் பொருள் ஒன்றாக இருந்தால் அதோடு இணைப்பார்கள். மூலக்கதைகளின் பெயரை மட்டும் அதன் சொந்த எழுத்திலும் வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ஆங்கிலப் பெயரும் வரும்.

சொல்லைப் பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா?

தளத்தைப் பொறுத்தது. கதை எழுதிப் பகிரும் தளமான வாட்பேடில் குறிச்சொல் ஒரே சொல்லாக இருக்க வேண்டும்; இடைவெளி விட்டால் இரண்டாக உடைந்துவிடும். அதனால் "கட்டாயக்கல்யாணம்" என்று சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. சமூக ஊடக ஹேஷ்டேக்கும் அப்படித்தான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் # குறியை முன்மொழிந்த நாளிலிருந்து இடைவெளிக்கு அங்கே இடமில்லை. ஏஓ3இல் இடைவெளி விடலாம், கால்புள்ளி மட்டும் கூடாது. கால்புள்ளி வந்தால் அடுத்த குறிச்சொல் தொடங்கிவிட்டது என்று தளம் எடுத்துக்கொள்ளும்.

இடைவெளி விட முடிகிற இடத்தில் விட்டு எழுதுங்கள். ஒற்று மிகும் இடத்தில் ஒற்றும் போடுங்கள். வேற்றுமை உருபு வேண்டாம்: "மதுரை" என்றே எழுதுங்கள், "மதுரையில்" வேண்டாம். ஒருமை பன்மையிலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பேய்க் கதை" என்று தொடங்கினால் எல்லாக் கதைக்கும் அதுவே. எது சரி என்று உறுதியில்லையென்றால், முதல் இரண்டு எழுத்தைத் தட்டிப் பாருங்கள். தளம் கீழே காட்டும் பரிந்துரைகளில் அதிகக் கதைகள் எதன் கீழ் இருக்கின்றனவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணம் கொஞ்சம் இடித்தாலும் பரவாயில்லை.

எழுத்துப் பிழையே இல்லை. கண்ணுக்கு ஒரே சொல்தான். ஆனாலும் தேடினால் என் கதை வரவில்லை. ஏன்?

இதுதான் தமிழுக்கே உரிய தொல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம்.

"கொலை" என்பதில் உள்ள ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான்; அவற்றை ஒன்றாக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. ஆனால் தளத்தைக் கட்டியவர் அதைப் பயன்படுத்த மறந்திருந்தால் உங்கள் "கொலை" வேறு, என் "கொலை" வேறு.

ஔகாரம் இன்னும் மோசம். "ஔவை" என்பதில் ஔ தனி எழுத்து. பலர் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்து "ஒளவை" என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இவை யூனிகோடிலும் சமம் கிடையாது, அதனால் கணினி தானாக இணைக்காது. "மௌனம்" என்பதிலும் இதே கதை.

ஸ்ரீ என்ற எழுத்தும் இரண்டு வழியில் பிறக்கிறது. ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். எந்த விசைப்பலகை எதைப் போடுகிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. "ஃபிக்‌ஷன்" என்று எழுதும்போது க்-கும் ஷ-வும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைப்பார்கள். அது உள்ள சொல்லும் இல்லாத சொல்லும் தேடலில் பிரிந்துபோகும்.

எழுத்தாளராக நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: புதிதாகத் தட்டாமல், பரிந்துரையில் வருவதைத் தொட்டு எடுங்கள். மீதியைத் தளம் நடத்துபவர் செய்ய வேண்டும்.

எச்சரிக்கைக் குறிச்சொல் போட்டால் கதையின் திருப்பம் தெரிந்துவிடாதா?

தெரியும். எதைத் தெரிவிப்பது, எவ்வளவு தெரிவிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஏஓ3 நான்கு விஷயங்களுக்கு மட்டும் எச்சரிக்கையைக் கட்டமைப்பிலேயே வைத்திருக்கிறது: விவரமான வன்முறை, முக்கியக் கதைமாந்தரின் மரணம், பாலியல் வன்புணர்வு, வயதுவராதவர் சம்பந்தப்பட்ட பாலுறவு. இவை எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு தேர்வு உண்டு. கூடவே, "எச்சரிக்கை தர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்" என்றும் ஒரு தேர்வு உண்டு. இந்தக் கடைசித் தேர்வுதான் கெட்டிக்காரத்தனம். எழுத்தாளர் திருப்பத்தை வெளியிட வேண்டியதில்லை. ஆனால் வாசகருக்கு, உள்ளே எதுவும் இருக்கலாம், பொறுப்பு உன்னுடையது என்ற தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எதுவும் சொல்லாமல் இருப்பதும், சொல்ல மாட்டேன் என்று சொல்வதும் ஒன்றல்ல.

நம் கதைகளுக்கு அந்த நான்கு போதாது. தற்கொலை, குடும்ப வன்முறை, கருச்சிதைவு, குழந்தை இழப்பு, ஆணவக் கொலை, போர்க்காட்சி ஆகியவற்றைக் குறிப்பிடுவது நல்லது. சமீபத்தில் குழந்தையை இழந்த ஒரு பெண், இரவு பத்து மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒரு குடும்பக் கதையைத் திறக்கிறாள். பதினேழாவது எபியில் (அத்தியாயத்தில்) அதே இழப்பு முன்னறிவிப்பில்லாமல் வந்து முகத்தில் அறைகிறது. அவளைத் தடுத்திருக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல்லால் மற்ற வாசகர்களுக்குத் திருப்பம் கொஞ்சம் முன்பே தெரிந்தால் தெரியட்டும். கதை அதோடு செத்துப்போகும் என்றால் அது திருப்பத்தை மட்டுமே நம்பி நின்ற கதை.

எல்லா எச்சரிக்கையும் போட்டும் அலட்சியமாக உள்ளே வந்துவிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே ஏஓ3 எழுத்தாளர்களிடம் ஒரு குறிச்சொல் இருக்கிறது: "செத்த புறா: தின்னாதே". ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், இப்படி எழுதியிருந்த பையைத் திறந்து பார்த்த ஒருவர், உள்ளே உண்மையாகவே செத்த புறா இருப்பதைக் கண்டு திகைப்பார். குறிச்சொல்லில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது, நம்பித் தொலையுங்கள் என்று அர்த்தம்.

"ஆன்டி ஹீரோ" என்று போட்டிருக்கிறேனே, அது போதாதா?

போதாது. முரட்டுத்தனமாகப் பேசும் நாயகனும் ஆன்டி ஹீரோ. மனைவியை அடிப்பவனும் ஆன்டி ஹீரோ. விருப்பமில்லாத மனைவியைப் பலவந்தப்படுத்துபவனும் நம் ஊரில் ஆன்டி ஹீரோதான். முதல் வகைக்கு ஆசைப்பட்டு வருகிறவர் மூன்றாவதில் போய் மாட்டுகிறார். "குடும்ப வன்முறை", "திருமண வன்புணர்வு" என்று வெளிப்படையாக எழுதக் கூச்சமாக இருக்கிறது என்றால், எழுதியிருக்கும் காட்சியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

பிரபலமான குறிச்சொல்லைப் போட்டால் வாசகர்கள் கூடுவார்களே, போட்டால் என்ன?

கூடுவார்கள், முதல் பக்கத்திலேயே திரும்பியும் போவார்கள். நகைச்சுவை தேடி வந்தவருக்குச் சோகக் கதையைக் கொடுத்தால் கதை நன்றாக இருந்தாலும் ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும்.

வாட்பேடில் குறிச்சொல் வாரியாகத் தரவரிசை காட்டுகிறார்கள். அதனால் இன்னொரு விளையாட்டும் நடக்கிறது: யாருமே பயன்படுத்தாத சொல்லைக் கண்டுபிடித்துப் போட்டு, அதில் முதலிடம் பிடித்துவிட்டேன் என்று படம் எடுத்துப் பகிர்வது. ஓடுவதற்கு வேறு ஆளே இல்லாத பந்தயம் அது. சந்தோஷமாக இருக்கட்டும், வாசகர் அதனால் வர மாட்டார்.

குறிச்சொல்லில் வாசகரோடு பேசலாமா?

ஏஓ3 எழுத்தாளர்கள் பேசுகிறார்கள். "தூக்கக் கலக்கத்தில் எழுதியது", "அம்மா, தயவுசெய்து இதைப் படிக்காதே" என்ற மாதிரி. தன்னார்வலர்கள் அதை அழிக்க மாட்டார்கள். பொதுப் பெயரோடு இணைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். கதைக்கு ஒரு குரல் கிடைக்கிறது, தேடலுக்கு நஷ்டமில்லை. அப்படிப் பின்வேலை பார்க்க ஆளில்லாத தளங்களில் இது குப்பையாகத்தான் சேரும். "யூடி நாளைக்கு வரும் செல்லம்ஸ்" என்பதை முன்னுரையில் எழுதுங்கள்.

தொடர்கதைக்கு ஒவ்வொரு எபிக்கும் குறிச்சொல்லை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஆனால் கதை போகிற போக்கில் திசை மாறினால் மாற்றுங்கள். முக்கியமாக எச்சரிக்கை: முப்பதாவது எபியில் ஒரு தற்கொலை முயற்சி வரப்போகிறது என்றால், அன்றைக்கே மேலே சேர்த்துவிட்டு, அந்த எபியின் தொடக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள். கதை முடிந்த அன்று "தொடரும்" என்பதை எடுத்துவிட்டு "முடிவுற்றது" போட மறக்காதீர்கள். மறப்பவர்கள் நிறைய.

நான் எழுதுவதில்லை, சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகும் சைலன்ட் ரீடர். எனக்கு இதில் என்ன?

தேடுவதைவிட விலக்குவது உங்களுக்குப் பெரிய பயன். ஏஓ3 வடிகட்டியில், எது வேண்டும் என்று சொல்வதுபோல எது வேண்டாம் என்றும் சொல்லலாம். சரித்திரக் கதை வேண்டும், முடிவுற்றதாக இருக்க வேண்டும், முக்கியக் கதைமாந்தர் சாகக்கூடாது என்று மூன்றும் ஒரே நேரத்தில் கேட்கலாம். தமிழ்த் தளங்களில் இந்த விலக்கும் வசதி அரிதாகவே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது அது.

அங்கே நீங்கள் சேமித்துவைக்கும் கதைகளுக்கு உங்கள் சொந்தக் குறிச்சொல்லையும் இடலாம். எழுத்தாளர் இட்டதோடு அது கலக்காது. "திரும்பப் படிக்க", "ரயிலில் படிக்க", "அழுதுவிட்டேன்" என்று உங்களுக்கு வேண்டியபடி.

கதைமாந்தரின் சாதி, மதத்தைக் குறிச்சொல்லாகப் போடலாமா?

கதை அதைப் பற்றிப் பேசினால், பேசும் பொருளைச் சொல்லுங்கள்: "சாதி மறுப்புத் திருமணம்", "தீண்டாமை", "மதம் கடந்த காதல்". நாயகன் இன்ன சாதி என்று பெருமைக்காக ஒட்டுவது வாசகரை அழைப்பதல்ல, ஆள் சேர்ப்பது. உயிரோடிருக்கும் நடிகர், அரசியல்வாதி பெயரை வாசகர் வரவுக்காகப் போடுவதையும் தவிர்க்கவும். கதை அவர்களைப் பற்றியதாகவே இருந்தால் முதலில் தளத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

நான் எழுதும் தளத்தில் குறிச்சொல் எழுதும் கட்டமே இல்லை, பட்டியல்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கதைச் சுருக்கத்தின் கடைசி வரியைப் பயன்படுத்துங்கள். பல தளங்களில் தேடல் கதைச் சுருக்கத்தையும் துழாவும். "முடிவுற்றது. மலையகம், 1970கள். எச்சரிக்கை: குழந்தை இழப்பு." இவ்வளவு போதும்.

சிறிய கதைத் தளம் ஒன்று தொடங்கப்போகிறோம். எங்கே ஆரம்பிப்பது?

நிலை, வடிவம், எச்சரிக்கை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வையுங்கள். அவற்றில் புதுமை தேவையில்லை. மற்றதைத் திறந்து விடுங்கள். சொல் சேமிக்கப்படும் முன் யூனிகோடு வடிவத்தை ஒன்றாக்குங்கள். ஒள-வை ஔ ஆக்குவதற்கும், இரண்டு ஸ்ரீயை ஒன்றாக்குவதற்கும், கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுவதற்கும் தனியாக விதி எழுதச் சொல்லுங்கள். தட்டும்போதே பரிந்துரை வரட்டும், பக்கத்தில் எத்தனை கதை என்ற எண்ணிக்கையோடு.

பிறகு வாரம் ஒருமுறை புதிய குறிச்சொற்களைப் பார்த்து இணைக்க இரண்டு வாசகர்களைப் பிடியுங்கள். நிரலாளர் தேவையில்லை, நிறையக் கதை படித்தவராக, "அமானுஷ்யம்" வேறு "பேய்க் கதை" வேறு என்று சண்டை போடக்கூடியவராக இருந்தால் சரி. எழுத்தாளர் எழுதிய சொல்லை மட்டும் அவர்கள் திருத்தக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய கதைகளுக்கு இப்போது குறிச்சொல் சேர்த்தால், புதிய கதைபோல முதல் பக்கத்தில் வந்துவிடுமா?

ஏஓ3இல் வராது, புதிய அத்தியாயம் சேர்த்தால்தான் தேதி மாறும். வேறு தளங்களில், முதலில் ஒரு கதைக்கு மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இருபது பழைய கதைகளும் ஒரே நாளில் முகப்பை அடைத்துக்கொண்டு நிற்கும், மற்ற எழுத்தாளர்கள் சண்டைக்கு உங்களைத் தேடி வருவார்கள்.